அலமாரியைப் பூட்டாதீர்!

பகுத்தறிவாளன் வீட்டிலே சூனியக்காரிக்கு என்ன வேலை? பேசும் சிங்கத்துக்கு அங்கே இடம் எதற்கு? கேட்கிறார்கள் தோழர்கள் சிலர். இரவு நேரத்தில் நம் மகளுக்கு நார்னியாக் கதைகளை உரக்கப் படித்துக் காட்டுகிறோம் என்று நாம் சொன்னதும் எழுந்த கேள்வி இது. கோபத்தோடு கேட்கப்பட்டாலும் அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி. எனவே பதில் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வேறொரு சாராரும் உளர். "கதைதானே ஐயா! குழந்தை கேட்கட்டும், மகிழட்டும், உறங்கட்டும். கதையிலே போய்க் கொள்கையைத் தேடுவானேன்? மலரைப் பிய்த்து இதழ் எண்ணுவானேன்?" என்கிறார்கள். இவர்கள் புன்னகையோடு பேசுகிறார்கள். ஆயினும் முன்னவரைக் காட்டிலும் இவர்களிடமே நமக்கு அச்சம் அதிகம்.

முதல் சாரார் ஏட்டைப் பூட்டச் சொல்கிறார்கள். இரண்டாம் சாரார் குழந்தையின் வாயைப் பூட்டச் சொல்கிறார்கள். இரண்டு பூட்டும் வேண்டாம் என்பதே நம் கட்சி.

ஏழு ஏடுகள், ஒரே சரக்கு

1950 முதல் 1956 வரை, ஆண்டுக்கு ஒன்றாக இங்கிலாந்தில் வெளிவந்த ஏழு ஏடுகள் இவை. 'சிங்கம், சூனியக்காரி, அலமாரி' என்று தொடங்கி, 'இறுதிப் போர்' என்று முடியும் தொடர். கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியர் படித்தவை. 2005 முதல் திரைக்கும் வந்தவை. எழுதியவர் சி. எஸ். லூயிஸ். 1898இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிலே ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். இளமையிலே கடவுள் இல்லை என்றவர். 1931இல் கிறித்துவத்துக்குத் திரும்பியவர். இரண்டாம் உலகப்போர் நடந்த காலத்தில், 1941 முதல் 1944 வரை, பி.பி.சி. வானொலியில் சமயப் பேச்சுகள் நிகழ்த்தி நாடறிந்தவரானார். வானொலியிலே பெரியவர்களுக்குச் சொன்னதை, அலமாரிக்குள்ளிருந்து சிறுவர்களுக்குச் சொன்னார் பிறகு.

கதை என்ன? லண்டனில் குண்டு விழுகிறது. பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகளை நாட்டுப்புறத்துப் பேராசிரியர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே ஓர் அலமாரி. அதனுள்ளே தொங்கும் கம்பளிச் சட்டைகளை விலக்கிக்கொண்டு போனால், பனி பெய்யும் காடு. அந்த நாட்டிலே என்றும் குளிர்காலம், சூனியக்காரியின் கொடுங்கோல். அவள் நீட்டிய இனிப்புக்கு ஆசைப்பட்டு, உடன்பிறந்தோரையே காட்டிக்கொடுக்கிறான் எட்மண்ட். அவனுக்குரிய தண்டனையைத் தான் ஏற்று, கல்மேடையிலே கட்டுண்டு சாகிறது அஸ்லான் என்ற சிங்கம். விடியற்காலையில் உயிர்த்தெழுகிறது! யாருடைய கதை என்று விளக்கவும் வேண்டுமோ?

இஃது உருவகமன்று, அப்படியொரு நாடு இருந்தால் தேவகுமாரன் அங்கே எவ்வடிவில் வந்திருப்பான் என்ற கற்பனையே என்று நுணுக்கமாக விளக்கம் சொன்னார் லூயிஸ். பெயர் எதுவாயினும் பெட்டிக்குள் இருக்கும் சரக்கு ஒன்றே. அதற்காக அவரை நாம் ஏசவில்லை. தம் கொள்கையைத் தமக்குகந்த வடிவிலே சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மேடையையும் நாடகத்தையும் திரையையும் கொள்கைக்குக் கருவியாக்கியவர்கள் நாம். அவர் கதையைக் கருவியாக்கினார் என்று குற்றம் சாட்ட நமக்கு வாயில்லை. கருவியைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கருவியைக் கருவியென்று அறியாமல் கையேந்தி நிற்கவும் வேண்டாம்.

கற்பனை வேறு, மூடநம்பிக்கை வேறு

முதலில், ஏட்டையே பூட்டச் சொல்லும் தோழர்களுக்கு. பறக்கும் குதிரையும் பேசும் நீர்நாயும் பிள்ளையின் அறிவை மழுக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். கற்பனையையும் மூடநம்பிக்கையையும் ஒரே தராசிலே நிறுத்துவதால் வந்த பிழை இது. கதை சொல்பவன், 'இருப்பதாக வைத்துக்கொள்' என்கிறான். பூசாரி, 'இருக்கிறது, நம்பு! நம்பாவிட்டால் கேடு வரும். நம்பினால் காணிக்கை எங்கே?' என்கிறான். முன்னவன் அழைக்கிறான், பின்னவன் மிரட்டுகிறான். கதை முடிந்ததும் கதைசொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போகிறான். பூசாரியோ விளக்குக்கு எண்ணெய்க் காசும் கேட்கிறான்.

இந்த வேறுபாடு குழந்தைக்குத் தெரியாது என்று எண்ணுவது குழந்தையை இழிவுபடுத்துவது. முதல் ஏட்டைத் தொடங்கிய மறுநாள், நம் மகள் வீட்டு அலமாரியைத் திறந்து, தொங்கிய சேலைகளை விலக்கி, பின்பலகையை விரலால் தட்டிப் பார்த்தாள். பலகை பலகையாகவே இருந்தது. ஆராய்ந்தாள், அறிந்தாள், ஆயினும் அடுத்த அத்தியாயத்துக்கு ஆவலோடு அமர்ந்தாள்! இதைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பாடம் எந்தப் பள்ளியிலே உண்டு?

மேலும் ஒன்று. இல்லாததை மனக்கண்ணால் காணத் தெரியாதவன், இருக்கும் கொடுமையே என்றும் இருக்கும் என்று நம்புவான். மேலோர் கீழோர் இல்லாத நாடு எங்கே இருந்தது, நாம் பார்த்து வந்து சொல்ல? மனத்திலே கண்டோம், மண்ணிலே காண உழைக்கிறோம். கற்பனை வற்றிய உள்ளத்திலே புரட்சி முளைக்காது, தோழர்களே!

"கதைதானே!" என்பார்க்கு

இனி, புன்னகையோடு வருவோரைக் கேட்போம். வெறும் கதைதானா இது?

அலமாரிக்குள் ஒரு நாடு இருக்கிறது என்கிறாள் சின்னவள் லூசி. அண்ணனும் அக்காளும் நம்பாமல், பேராசிரியரிடம் போகிறார்கள். அவர் சொல்கிறார்: அவள் பொய் சொல்ல வேண்டும், அல்லது பித்துப் பிடித்திருக்க வேண்டும், அல்லது உண்மை சொல்ல வேண்டும். பொய்க்காரியல்லள், பித்துமில்லை, ஆகவே உண்மை! இப்போதெல்லாம் பள்ளிகளில் தருக்கம் கற்பிப்பதில்லையே என்று சலிப்பு வேறு! ஏசுநாதரைப் பற்றி வானொலியிலே பெரியவர்களுக்கு லூயிஸ் நீட்டிய வாதமும் இதே அச்சில் வார்த்தது: அவர் பித்தராக இருக்க வேண்டும், அல்லது வஞ்சகராக இருக்க வேண்டும், அல்லது கடவுளாக இருக்க வேண்டும். மூன்று கதவைக் காட்டி, இரண்டைச் சாத்தி, மூன்றாவதிலே தள்ளிவிடும் வித்தை இது.

நான்காவது கதவு எங்கே? ஒருவர் பொய்யருமாகாமல் பித்தருமாகாமல், தவறாக எண்ணியிருக்கலாமே! கனவு கண்டிருக்கலாம். பிறர் அவர் வாயில் சொல்லை ஏற்றியிருக்கலாம். கதையிலே பேராசிரியர் வென்றார் என்றால், வாதத்தின் வலிமையால் வெல்லவில்லை. அலமாரிக்குப் பின்னே பனிக்காட்டை ஆசிரியரே வைத்துவிட்டதால் வென்றார். பீட்டரும் சூசனும் எப்போது நம்பினார்கள்? பேராசிரியர் பேசியபோதா? தங்கள் காலிலே பனி குத்தியபோது! சான்றுதான் அவர்களை நம்பவைத்தது. இந்த இடத்திலே ஏட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வேறு என்னவாக இருக்கலாம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். குழந்தை நான்காவது கதவைத் தானே திறக்கும், ஐந்தாவதையும் திறக்கும்.

அடுத்து, யூஸ்டஸ் என்ற பையன். இவனுடைய பெற்றோர் சீர்திருத்தக்காரர்கள். புலால் உண்ணார், புகை பிடியார், மது அருந்தார். அவர்களைக் கேலிச் சித்திரமாகவே தீட்டியிருக்கிறார் லூயிஸ். மகன் படிப்பதெல்லாம் செய்தி ஏடுகள்; ஏற்றுமதி, இறக்குமதி, அரசாங்கம், சாக்கடை பற்றியவை. பறவைநாகம் எப்படியிருக்கும் என்று அவற்றில் இல்லை. அதனால் அதை எதிரே கண்டபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நையாண்டி. பிறகு அவனே பறவைநாகமாக மாறி அழுகிறான். சிங்கம் வந்து தோலுரித்து மீட்கிறது.

சாக்கடையா நகைப்புக்குரியது? 1854இல் லண்டனின் சோஹோ பகுதியைக் காலரா வாரிச் சென்றபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் சாவுகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, பிராட் தெருக் குழாய்நீரே நஞ்சு என்று காட்டினார். குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. 1858 கோடையிலே தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்தின் மூக்கையே துளைத்தபின், பசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்கடியிலே பெருஞ் சாக்கடைகளைக் கட்டினார். இங்கிலாந்தின் பிள்ளைகளைக் காத்தவை அந்தச் சாக்கடைகள், அலமாரிச் சிங்கமல்ல. பறவைநாகத்தின் கதையும் வேண்டும், சாக்கடையின் கதையும் வேண்டும் என்று நம் மகளுக்குச் சொன்னோம். "சாக்கடைக் கதையை யார் எழுதினார்கள்?" என்று கேட்டாள். எழுதவேண்டியது யார் கடமை, எழுத்தாளத் தோழர்களே?

நிறமும் உதட்டுச் சாயமும்

நார்னியாவுக்குத் தெற்கே, பாலைக்கு அப்பால், கலோர்மென் என்ற நாடு. அங்குள்ளோர் கருநிறத்தர், தலைப்பாகையர், வளைந்த வாளினர், அடிமை வைத்திருப்போர். அவர்களுடைய தெய்வம் டாஷ், இரத்தம் குடிப்பது. வடக்கே இருப்போரோ வெண்ணிறத்தர், வீரர், விடுதலை விரும்பிகள்! கருப்பு மேனிக் குழந்தையொன்று இதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, "கதைதானே" என்று கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. நிறத்தைக் கொண்டு நெஞ்சத்தை அளக்கும் கோல், எந்த நாட்டுக் கடையில் வாங்கியதாயினும் கள்ளக்கோலே.

நேர்மைக்காக இதையும் சொல்லவேண்டும். அதே கலோர்மெனில்தான் அராவிஸ் என்ற சிறுமி இருக்கிறாள். கிழவனுக்குத் தன்னைக் கட்டிவைக்க முனைந்ததும், குதிரையேறித் தப்பி ஓடுகிறாள். தொடரிலே நம் உள்ளம் கவர்ந்த பெண் அவள்தான். எமெத் என்ற இளைஞனும் அங்கே உண்டு. வாழ்நாளெல்லாம் டாஷை நேர்மையோடு வணங்கிய அவனைச் சிங்கம் ஏற்றுக்கொள்கிறது. நீ டாஷுக்குச் செய்த நன்மையெல்லாம் எனக்குச் செய்ததே என்கிறது. பரந்த மனம் என்று பாராட்டுவோர் உண்டு. நாம் கேட்பது ஒன்றே: நன்மை செய்தவன் மனிதன், வரவு மட்டும் சிங்கத்தின் கணக்கிலா?

சூசனுக்கு நேர்ந்ததோ அதனினும் கொடிது. முதல் ஏட்டிலே நார்னியாவின் அரசியாக முடிசூட்டப்பட்டவள் அவள். கடைசி ஏட்டிலே அவளுக்கு இடமில்லை. செய்த குற்றம்? காலுறை, உதட்டுச் சாயம், விருந்தழைப்பு இவற்றிலே நாட்டம் கொண்டாளாம். நார்னியாவைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றாளாம். இனிப்புக்காக உடன்பிறந்தோரை விற்ற எட்மண்டுக்கு மன்னிப்பும் மணிமுடியும். உதட்டுச் சாயம் பூசியவளுக்குக் கதவடைப்பு! அவள் திருந்தக் காலம் இருக்கிறது என்று ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் ஆறுதல் சொன்னார். திருந்தவேண்டியவள் சூசனா? வளர்ந்த பெண்ணைக் கண்டு அஞ்சும் ஆண் உள்ளமா?

குரங்கும் ஆட்டுக்குட்டியும்

இவ்வளவு குறை இருந்தும் ஏன் படித்துக் காட்டவேண்டும்? 'இறுதிப் போர்' என்ற ஏழாம் ஏட்டுக்காகவே படித்துக் காட்டலாம் என்போம்.

ஷிப்ட் என்ற குரங்கு, ஆற்றிலே மிதந்துவந்த சிங்கத்தோலைக் கண்டெடுக்கிறது. அப்பாவிக் கழுதையொன்றின் மேல் அதைப் போர்த்துகிறது. பகலிலே வெளியே விடுவதில்லை. இரவிலே, தொழுவத்து வாசலில், தீவெளிச்சத்தில், தொலைவிலிருந்து ஒரு கணம் காட்டும். "அஸ்லான் வந்துவிட்டார்! அவர் என்னோடு மட்டுமே பேசுவார்!" என்கிறது குரங்கு. பிறகு? தெய்வத்தின் பெயரால் பருப்பும் பழமும் குரங்குக்கு! பேசும் விலங்குகள் அண்டை நாட்டுச் சுரங்கத்துக்குக் கூலிகளாக! கூலியோ அஸ்லானின் கருவூலத்துக்கு, அதாவது குரங்கின் பைக்கு! விடுதலை வேண்டும் என்கிறது கரடி. நான் சொல்வதைச் செய்வதே விடுதலை என்கிறது குரங்கு.

புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிர் மேயும் பசுவை வள்ளுவர் கூடாவொழுக்கத்திலே காட்டினார். சிங்கத்தோல் போர்த்த கழுதையை லூயிஸ் காட்டுகிறார். புரோகிதப் புரட்டின் இலக்கணத்தை இத்தனை தெளிவாக வரைந்த சிறுவர் ஏடு வேறொன்றை நாம் கண்டதில்லை. வரைந்தவர் நாத்திகரல்லர், நம்பிக்கையாளர்! கூட்டத்திலே துணிந்து வாய் திறப்பது யார் தெரியுமோ? ஓர் ஆட்டுக்குட்டி. இரத்தம் குடிக்கும் டாஷுக்கும் அஸ்லானுக்கும் எப்படி நட்பு இருக்க முடியும் என்று கேட்கிறது. இளையது, எளியது, ஆயினும் துணிந்து கேட்டது! அந்த வரியைப் படிக்கும்போது நம் குரல் தானாக உயர்ந்தது.

ஆனால் அடுத்த கட்டத்தில் ஆசிரியர் பின்வாங்குகிறார். புரட்டு வெளிப்படுகிறது. சுரங்கத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்ட குள்ளர்களை மன்னன் விடுவிக்கிறான்; இனி உண்மை அஸ்லானுக்காகப் போரிடுங்கள் என்கிறான். "ஒருமுறை ஏமாந்தோம். உண்மைச் சிங்கம் எங்கே? காட்டு!" என்கிறார்கள் குள்ளர்கள். காட்ட முடியவில்லை. நியாயமான கேள்வி கேட்டவர்களுக்கு ஆசிரியர் அளித்த தண்டனை என்ன தெரியுமா? எல்லோரும் ஒளி நாட்டிலே திளைக்க, குள்ளர்கள் மட்டும் இருண்ட தொழுவத்திலே இருப்பதாக எண்ணிக் குருடராய் உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்து படைத்தாலும் வைக்கோலாகவே சுவைக்கிறார்கள். பொய்ச் சிங்கத்தைச் சந்தேகித்தால் அறிவு. மெய்ச் சிங்கத்தைச் சந்தேகித்தால் குருடு! இரண்டையும் பிரித்தறியும் கருவி எது? அதைத் தரவில்லை லூயிஸ்.

எனினும் குள்ளர்களிடம் இளந்தோழர்கள் கற்கவேண்டியதொன்று உண்டு. "குள்ளர் குள்ளருக்கே" என்று கூறி, இரு தரப்பின்மீதும் அம்பெய்தார்கள் அவர்கள். அடிமை நுகம் அறுக்க ஓடிவந்த குதிரைகளையும் கொன்றார்கள். ஏமாறமாட்டோம் என்பதோடு நின்றுவிட்ட அறிவு அது. சந்தேகம் தொடக்கம், தொண்டே முடிவு. கடவுளை மறுத்துவிட்டு, மனிதனையும் மறந்துவிட்டவன் பகுத்தறிவாளனல்லன், தொழுவத்துக் குள்ளனே.

புகையும் சூரியனும்

'வெள்ளி நாற்காலி' என்ற ஏட்டிலே இன்னொரு காட்சி. பூமிக்கடியிலே ஒரு சூனியக்காரி. அவளிடம் சிக்கியோர் மேலே சூரியன் உண்டு என்கிறார்கள். "விளக்கைக் கண்டீர், அதைப் பெரிதாக்கிச் சூரியன் என்றீர். பூனையைக் கண்டீர், அதைப் பெரிதாக்கிச் சிங்கம் என்றீர்" என்று சிரிக்கிறாள் அவள். மனிதன் தன் சாயலிலே கடவுளைப் படைத்தான் என்று நாம் கூறும் வாதத்தைச் சூனியக்காரியின் வாயில் வைத்து, நம்மைக் குத்துகிறார் ஆசிரியர்.

குத்தட்டும். குழந்தையோடு சேர்ந்து கூர்ந்து பார்ப்போம். அந்தச் சூனியக்காரி எப்படி வாதாடினாள்? நெருப்பிலே பச்சைப் பொடி தூவினாள். இனிய மணம் பரவிற்று. நரம்புக் கருவியை ஓயாமல் மீட்டினாள், மூளை மயங்கிற்று. சொன்னதையே சொல்லிச் சொல்ல வைத்தாள். தூபமும் வாத்தியமும் திரும்பத் திரும்பச் சொல்லலும் யாருடைய கருவிகள்? பகுத்தறிவாளனுடையவையா? முடிவை நம்மிடம் திருடினாள். முறையைப் பூசாரியிடம் கற்றாள்! எரியும் நெருப்பை வெறுங்காலால் மிதித்து அந்த மயக்கத்தைக் கலைக்கிறான் அவர்களோடு வந்த சதுப்புநிலத்தான். அதுவரை அவனுக்கு நம் வாழ்த்து. பிறகு, அஸ்லான் இல்லாவிட்டாலும் நான் அவன் பக்கமே என்கிறான். சான்றே வேண்டாம் என்பதன் ஒப்புதல் அது.

நம் மகளிடம் கேட்டோம்: "சூரியன் உண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" "மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் தெரியுமே!" என்றாள். அதுதான் விடை. சூரியன் நம்பியவனுக்கும் சுடும், நம்பாதவனுக்கும் சுடும்.

கதையிலே கிடைத்த கனி

1955இல் லூயிஸின் இரண்டு ஏடுகள் வந்தன. ஒன்று, 'மந்திரவாதியின் மருமகன்' என்ற நார்னியாக் கதை. டிகரி என்ற சிறுவனின் தாய் சாகக் கிடக்கிறாள். மாயத் தோட்டத்துக் கனியைத் திருடித் தாய்க்குக் கொடு என்று ஆசை காட்டுகிறாள் சூனியக்காரி. சிங்கத்துக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, திருடாமல் திரும்புகிறான் பையன். சிங்கமே ஒரு கனியைக் கொடுக்கிறது, தாய் பிழைக்கிறாள். அந்தப் பையன் தாயைப் பற்றிச் சொல்லும்போது, சிங்கத்தின் கண்களிலும் நீர் நிற்கிறது. படிக்கும் நமக்கும் குரல் தழுதழுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பகுத்தறிவு கண்ணீரைத் தடை செய்வதில்லை.

மற்றொன்று, அவருடைய தன்வரலாறு. அதிலே இருப்பது உண்மை. 1908இல், லூயிஸ் ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தபோது, அவருடைய தாய் புற்றுநோயால் இறந்தார். தாய் பிழைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளை வேண்டிக்கொண்டது, தாய் பிழைக்கவில்லை. வாழ்க்கையிலே மறுக்கப்பட்ட கனியை, நாற்பத்தேழு ஆண்டு கழித்துக் கதையிலே பறித்துக்கொண்டது அந்தப் பிள்ளை!

இந்த இடத்திலே நகைப்பவன் மனிதனல்லன். ஆனால் இந்த இடத்திலே வாளாவிருப்பவன் தந்தையுமல்லன். நல்ல பிள்ளையாக இரு, கீழ்ப்படி, தாய் பிழைப்பாள் என்று கதை கூறுகிறது. எந்த வீட்டிலோ, எந்தப் பிள்ளையோ, தாயை இழந்து கிடக்கும். "நாம் போதிய நல்லபிள்ளையாக இல்லையோ? நம் வேண்டுதலில் குறையோ? அதனால்தான் அம்மா போய்விட்டாளோ?" என்று இரவெல்லாம் அந்தப் பிஞ்சு நெஞ்சு தன்னையே தண்டித்துக்கொள்ளும். மூடநம்பிக்கை காசைப் பறிக்கிறது என்று மேடையில் முழங்குகிறோம். காசு போனால் வரும். குற்றமற்ற குழந்தையின் நெஞ்சிலே குற்றத்தை நடுகிறதே, அதற்கு ஈடு ஏது?

"அந்த அம்மா உண்மையில் பிழைத்தாளா, அப்பா?" என்று கேட்டாள் மகள். "கதையிலே பிழைத்தாள். கதை எழுதியவரின் அம்மா பிழைக்கவில்லை. அந்நாளைய மருத்துவத்தால் மீட்க முடியவில்லை. அந்தப் பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை" என்றோம். நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பாவம், அதனால்தான் எழுதினார்" என்றாள். ஏட்டைப் பூட்டியிருந்தால் இந்த இரக்கம் கிடைத்திருக்குமா? வாயைப் பூட்டியிருந்தால் இந்தத் தெளிவு கிடைத்திருக்குமா?

கடைசிப் பக்கத்திலும் கைவிடலாகாது. அங்கே ரயில் விபத்திலே பிள்ளைகள் இறக்கிறார்கள்; இறந்தது நற்செய்தி, இனித்தான் உண்மை வாழ்வு என்று முடிகிறது தொடர். 1956க்குரிய கார்னெகிப் பதக்கம் பெற்ற ஏடு அது. பதக்கம் இருக்கட்டும். பெற்றோரையும் உடன்பிறந்தோர் மூவரையும் ஒரே நாளில் இழந்து, இங்கிலாந்திலே தனியளாய் நிற்கிறாளே சூசன்! "இனி சூசன் யாரோடு இருப்பாள்?" என்றாள் மகள். ஏழு ஏட்டிலும் அதற்கு விடை இல்லை. சொர்க்கத்தின் வாசலிலே நின்றுகொண்டு, இடுகாட்டிலே தனித்து நிற்பவளைத் திரும்பிப் பார்த்த குழந்தையின் கேள்வி அது. எல்லா நற்செய்தியினும் அக்கேள்வி உயர்ந்தது என்போம்.

உரக்கப் படிப்போம்!

ஏன் உரக்கப் படிக்கவேண்டும்? தனியே மௌனமாகப் படிக்கும் ஏடு பிரசங்கம். பிள்ளையோடு உரக்கப் படிக்கும் ஏடு பட்டிமன்றம். பிரசங்கத்திலே குறுக்கே பேச இயலாது. பாயிலே படுத்துக் கேட்கும் குழந்தை பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே பேசும். பேசட்டும்! பிடிக்காத பக்கத்தைத் தாண்டிச் செல்லாதீர். அதுவும் ஒரு புரட்டே. முந்திக்கொண்டு சொற்பொழிவும் ஆற்றாதீர். குழந்தை கேட்கும் வரை பொறுங்கள். கேட்டதும் விடையை ஊட்டாதீர், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதே கேள்வியை உங்களிடம் கேட்டால் முகம் சுளிக்காதீர்.

முடிவாக, பூட்டச் சொல்லும் தோழர்களுக்கு ஒரு சொல். அப்பா சொன்னார் என்பதற்காகச் சிங்கத்தை மறுக்கும் பிள்ளை, நாளை வேறொருவர் சொன்னார் என்பதற்காகச் சிங்கத்தை வணங்கும். மறுப்பையும் நாம் பரம்பரைச் சொத்தாக்கலாமா? இங்கிலாந்திலேயே பிலிப் புல்மன் என்ற கடவுள் மறுப்பாளர் நார்னியாவை 1998இல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஆனால் ஏட்டைக் கொளுத்தச் சொல்லவில்லை. 1995 முதல் 2000 வரை மூன்று பாகமாகத் தாமே ஒரு மாயக்கதை எழுதினார். அதன் தொடக்கத்திலும் ஒரு சிறுமி அலமாரிக்குள் ஒளிகிறாள்! அவள் அங்கே கண்டது சிங்கத்தையல்ல. அதிகாரத்தில் இருப்போர் செய்யும் சூழ்ச்சியை. கதைக்குக் கதையே பதில். வாதத்துக்கு வாதமே பதில்.

அலமாரிக்குள் நுழைந்தபோது லூசி கதவைத் திறந்தே வைத்தாள். கதவை மூடிக்கொண்டு உள்ளே இருப்பது மடமை என்று முதல் ஏட்டிலேயே பலமுறை எச்சரிக்கிறார் லூயிஸ். நல்ல அறிவுரை, அவரிடமிருந்தே பெற்றுக்கொள்வோம். பிள்ளைகள் எந்த அலமாரிக்குள்ளும் நுழையட்டும், எந்தச் சிங்கத்தோடும் உலவட்டும். கதவு மட்டும் திறந்திருக்கட்டும். வாசலிலே நாம் விளக்கோடு நிற்போம்!